எத்தனை முறை மன்னிப்புக் கேட்டால் போதும்?

மனநல மருத்துவரைத் தேடி வரும் கிறிஸ்தவர்களில் ஒரு தனி ரகத்தினர் உண்டு. தூக்கம் போயிருக்கும், எடை குறைந்திருக்கும், வேலையில் கவனம் நிற்காது. ஆனால் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டால் இதில் எதையும் சொல்ல மாட்டார்கள். "டாக்டர், நான் நிஜமாகவே இரட்சிக்கப்பட்டேனா என்று தெரியவில்லை" என்பார்கள். கூட வந்த மனைவியோ அம்மாவோ, "இதைத்தான் தினமும் கேட்கிறார்" என்று களைப்போடு சொல்வார்கள்.

இந்தக் கேள்வியைச் சுமந்து வருகிறவர்கள் அலட்சியமான விசுவாசிகள் அல்ல. சபையில் எல்லோரும் நல்லவர் என்று சொல்லும் ஆட்கள். ஜெபத்தின் நடுவே மனம் வேறெங்கோ போய்விட்டால் அந்த ஜெபம் செல்லாது என்று முதலிலிருந்து தொடங்கி, அதிகாலை வரை முழங்காலில் நிற்கிறவர் ஒருவர். பத்து வருடத்துக்கு முன் சொன்ன ஒரு சிறு பொய்யை ஆயரிடம் அறிக்கை செய்துவிட்டு, சொன்ன விதத்தில் ஒரு விவரம் விட்டுப்போயிற்றோ என்று மறுநாள் மீண்டும் போன் செய்கிறவர் இன்னொருவர். ஆண்டவரின் பெயரோடு ஓர் அசிங்கமான சொல் மனதில் வந்து ஒட்டிக்கொண்டதால் ஆலயத்துக்குப் போவதையே நிறுத்தியவரும் உண்டு. (பலருடைய கதைகளைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்.)

இவர்கள் எல்லோருக்கும் வசனம் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும். ஆனால் விசுவாசம், கீழ்ப்படிதல், நீதி என்ற மூன்றும் அவர்கள் மனதில் வேதம் சொல்லும் வரிசையில் இல்லை. முதலில் குறையில்லாமல் கீழ்ப்படிய வேண்டும், அதனால் நீதிமான் ஆக வேண்டும், அதற்குப் பிறகுதான் தேவன் தன்னை ஏற்றுக்கொண்டார் என்று நம்பத் துணியலாம் என்று வைத்திருக்கிறார்கள். இந்த வரிசையில் மூன்றாம் படிக்கு யாரும் போய்ச் சேர்வதில்லை.

ஆபிரகாமின் கதையை எடுத்துக்கொள்வோம். பவுல் ரோமரில் வாதத்தைக் கட்டுவது அவரை வைத்துத்தான். ஆதியாகமம் 15:6 சொல்கிறது: "அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்." அந்த இரவில் ஆபிரகாம் செய்த காரியம் என்ன? வானத்து நட்சத்திரங்களைப் பார்த்தார், வாக்குத்தத்தத்தைக் கேட்டார், நம்பினார். விருத்தசேதனம் என்ற கட்டளை 17-ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. அந்த இரவுக்குப் பிறகு மகன் இஸ்மவேல் பிறந்தபோது அவருக்கு 86 வயது, விருத்தசேதனம் செய்துகொண்டபோது 99. ஆக, நீதிமான் என்று எண்ணப்பட்டதற்கும் அந்த அடையாளத்தைப் பெற்றதற்கும் நடுவில் குறைந்தது 13 ஆண்டு இடைவெளி. ரோமர் 4:10-இல் பவுல் விரல் வைப்பது இந்த இடைவெளியில்தான்: எப்போது எண்ணப்பட்டது, முன்பா பின்பா? முன்பு.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் காட்டுவது இதற்கு அடுத்த பக்கம். 15-ஆம் அதிகாரத்தில் நீதிமான் என்று எண்ணப்பட்ட அதே மனிதர் 16-இல் வாக்குப்பண்ணப்பட்ட பிள்ளைக்காகப் பொறுமையிழந்து, மனைவியின் பணிப்பெண் ஆகாரிடம் போகிறார். 20-இல் உயிருக்குப் பயந்து மனைவியைச் சகோதரி என்று சொல்கிறார். அதுவும் இரண்டாம் முறை. 12-ஆம் அதிகாரத்தில் எகிப்தில் ஒருமுறை சொல்லி மாட்டிக்கொண்டது போதாதென்று. எண்ணப்பட்ட நீதி ஒவ்வொரு சறுக்கலுக்கும் ரத்தாகிப் புதுப்பிக்கப்பட வேண்டியதாக இருந்திருந்தால் ஆபிரகாம் அதை எத்தனையோ தடவை இழந்திருப்பார். கதை அப்படிப் போகவில்லை. அந்தச் சறுக்கல்களுக்கு விளைவுகள் இருந்தன, வீட்டில் கண்ணீர் இருந்தது. வாக்குத்தத்தம் மட்டும் வாபஸ் ஆகவில்லை.

அப்படியானால் கீழ்ப்படிதலுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. பத்துக் கட்டளைகளைப் பாருங்கள். முதல் கட்டளைக்கு முன்னால் ஒரு வாக்கியம் நிற்கிறது: உன்னை அடிமைத்தன வீட்டிலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவன் நானே என்று. செங்கடலைக் கடந்தது யாத்திராகமம் 14-இல், கட்டளைகள் வந்தது 20-இல். கட்டளைகளைக் கைக்கொண்டு காட்டுங்கள், பிறகு எகிப்திலிருந்து வெளியே விடுகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. விடுதலையானவர்களுக்கு, விடுதலையானவர்களாக எப்படி வாழ்வது என்று சொல்லப்பட்டது. எபிரெயர் 11:8-உம் அதே வரிசைதான்: விசுவாசத்தினாலே ஆபிரகாம் கீழ்ப்படிந்து, போகும் இடம் தெரியாமலேயே புறப்பட்டார். நம்பினார், அதனால் நடந்தார்.

இங்கே யாராவது யாக்கோபு நிருபத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வரட்டும், நல்லதுதான். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று அவர் சொல்வதில் எந்தச் சமரசமும் இல்லை. ஆனால் அவர் எடுக்கும் உதாரணம் ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய சம்பவம், ஆதியாகமம் 22. நட்சத்திரங்களைப் பார்த்த இரவுக்குப் பல ஆண்டுகள் கழித்து நடந்தது. 15-ஆம் அதிகாரத்து விசுவாசம் 22-ஆம் அதிகாரத்தில் பூரணப்பட்டது, அந்த வேதவாக்கியம் அப்போது நிறைவேறிற்று என்பதுதான் யாக்கோபின் வாதம். அவருடைய கோபம் யார்மேல் என்பதையும் கவனிக்க வேண்டும். உடையும் சாப்பாடும் இல்லாத சகோதரனிடம் "சமாதானத்தோடே போங்கள்" என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காமல் அனுப்புகிறவன்மேல். ராத்திரி முழுக்க அழுதபடி நூறாவது தடவை மன்னிப்புக் கேட்கிறவன்மேல் அல்ல. யாக்கோபின் எச்சரிக்கை தேவைப்படுகிறவர்கள் என் அறைக்கு வருவது அபூர்வம். பெரும்பாலும் அவர்களுடைய மனைவிமார்தான் வருகிறார்கள்.

நீதிமானாக்கப்படுதல் என்பதை எப்படி விளக்குவது என்பதில் சபைகளுக்குள் பெரிய சண்டை நடந்திருக்கிறது. லுத்தரன்களின் 1530-இன் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை ஒரு பக்கம், 1547-இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் வெளியிட்ட ஆணை மறுபக்கம். நீதி நமக்கு எண்ணப்படுகிறதா, நமக்குள் ஊற்றப்பட்டு நம்மை மாற்றுகிறதா என்பது வாதத்தின் மையம். 1999 அக்டோபர் 31 அன்று லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஆக்ஸ்பர்க்கில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. பிறகு மெதடிஸ்டுகளும் சீர்திருத்தச் சபைகளும் அதில் சேர்ந்துகொண்டார்கள். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே கிறிஸ்துவின் மீட்பின் செயலை விசுவாசித்து தேவனால் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், அந்த ஏற்பு நற்கிரியைகளுக்கு நம்மைத் தகுதிப்படுத்தி அழைக்கிறது என்பதில் இரு தரப்பும் ஒரே குரலில் பேசுகின்றன. அதனால் என்னிடம் வருகிறவர் எந்தச் சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும், அவருடைய சபையின் போதனைக்குள் நின்றே பேச முடிகிறது.

சரி, இப்போது என் துறைக்கு வருகிறேன். வரிசையை இப்படி எடுத்துச் சொன்னதும் சிலர் முகம் தெளிந்து எழுந்து போவார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது நல்ல போதனை. வேறு சிலருக்கு அந்தத் தெளிவு கதவைத் தாண்டும்வரைகூட நிற்காது. "நீங்கள் சொன்னது புரிகிறது டாக்டர். ஆனால் எனக்கிருப்பது உண்மையான விசுவாசம்தானா?" என்று திரும்பி வந்து கேட்பார்கள். நோய் இருக்கிறதா என்று நான் பார்க்கத் தொடங்கும் இடம் இது. ஓசிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு முகம், சமயம் சார்ந்த குற்ற உணர்வாக வருவது. ஆங்கில மருத்துவத்தில் இதற்கு ஸ்க்ரூப்யுலாசிட்டி என்று பெயர். ஓசிடி நூறு பேரில் சுமார் 2 பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் வரக்கூடியது. சிலருக்கு அது கை கழுவுவதில் பிடிக்கும், சிலருக்குப் பூட்டை இழுத்துப் பார்ப்பதில். பக்தியுள்ளவருக்கு அவர் எதை உயிராக மதிக்கிறாரோ அதிலேயே பிடித்துக்கொள்கிறது.

சாதாரணக் குற்ற உணர்வையும் இதையும் எப்படிப் பிரித்தறிவது? ஆரோக்கியமான மனசாட்சி குறிப்பாகப் பேசும்: இன்னாரிடம் இன்ன பொய் சொன்னாய், போய்ச் சரிசெய். சரிசெய்ததும் அடங்கிவிடும். நோய்க்கு அடங்கத் தெரியாது. அறிக்கை செய்தால் போதுமான வருத்தத்தோடு செய்தாயா என்று கேட்கும், அழுதால் அந்தக் கண்ணீர் போலியா என்று கேட்கும். வேதம் கேட்காததையெல்லாம் கேட்கும், வேதம் உண்மையிலேயே கேட்கும் அன்புக்கும் இரக்கத்துக்கும் நேரமே விடாது. நாளில் மூன்று மணி நேரம் பாவ அறிக்கையில் போகிற ஒருவர் தன் பிள்ளையோடு பேசி வாரக்கணக்காகிவிட்டது என்றால், அவருக்குக் கூடுதல் கீழ்ப்படிதலைப் போதிப்பதில் பயனில்லை.

இது புதிய நோயும் இல்லை. 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் தங்கியிருந்த இக்னேஷியஸ் லொயோலா, பிற்பாடு இயேசு சபையை நிறுவியவர், இந்த வதையில் கிடந்தார். அதற்கு முன்பே மொன்செராட்டில் மூன்று நாள் எடுத்து, எழுதிவைத்து, முழு வாழ்க்கையின் பாவங்களையும் அறிக்கை செய்திருந்தார். அப்படியும் எதையோ விட்டுவிட்டோம் என்ற அரிப்பு நிற்கவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட வந்தது. ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தார், சாப்பிடு என்று பாவசங்கீர்த்தனம் கேட்கும் குரு கட்டளையிட வேண்டியிருந்தது. கடைசியில் அவர் விடுபட்டது எப்படி என்று அவரே சொல்லியிருக்கிறார்: பழைய பாவங்கள் எதையும் இனி மறுபடி அறிக்கை செய்வதில்லை என்று தீர்மானித்தார். லூத்தரும் எர்ஃபுர்ட் மடத்தில் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்து தன் மேலாளர் ஸ்டௌபிட்ஸைக் களைக்க வைத்தவர். குற்றம் சொல்ல இடமில்லாத துறவியாக வாழ்ந்தும் மனசாட்சி அமைதியடையவில்லை என்று இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1545-இல், எழுதினார். ஐந்நூறு ஆண்டுக்கு முன் வாழ்ந்தவர்களுக்கு நோய்ப்பெயர் சூட்டுவது என் வேலை அல்ல. ஆனால் இக்னேஷியஸ் கண்டுபிடித்த வழியைத்தான் இன்று நாங்கள் சிகிச்சையாகக் கொடுக்கிறோம்.

எண்ணம் வரட்டும், பயம் ஏறட்டும், ஆனால் அதை அடக்க வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யாமல் இருந்து பார்ப்பது என்பதுதான் அந்தச் சிகிச்சை. ஜெபத்தில் மனம் சிதறினால் திரும்பத் தொடங்காமல் அப்படியே முடிப்பது. ஒருமுறை அறிக்கை செய்ததை மறுபடி செய்யாதிருப்பது. பயம் முதலில் எகிறும், செயலில் இறங்காமல் தாக்குப்பிடித்தால் மெல்ல இறங்கும். பலமுறை செய்யும்போது மூளை புதிதாகக் கற்றுக்கொள்கிறது. இதற்காக யாரையும் பாவம் செய்யச் சொல்வதில்லை. "டாக்டர் என்னைத் தூஷணம் சொல்லச் சொல்வாரோ" என்று பயந்தே வராமல் இருப்பவர்கள் உண்டு. அவருடைய சபையில் ஒரு சாதாரண விசுவாசி உறுத்தலில்லாமல் செய்கிற அளவுக்குத்தான் அவரையும் கொண்டுபோவோம். தேவைப்பட்டால் செர்ட்ரலின், ஃப்ளூவாக்ஸெடின் போன்ற மாத்திரைகளும் உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடப் பெரும்பாலும் கூடுதல் அளவில் கொடுக்க வேண்டியிருக்கும், பலன் தெரிய 8 முதல் 12 வாரம்வரை ஆகலாம். இரண்டாம் வாரத்தில் "ஒன்றும் தெரியவில்லை" என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம்.

நடைமுறையில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு பயங்களைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, மன்னிக்கப்படாத பாவம். மாற்கு 3-ஐப் பிறகு ஒருமுறை முழுதாக வாசியுங்கள். எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர்கள், கண்முன் நடந்த விடுதலையைப் பார்த்துவிட்டு, தெளிந்த மனதோடு, இது பிசாசுகளின் தலைவனால் நடக்கிறது என்று அறிவித்தார்கள். பரிசுத்த ஆவியைத் தூஷிக்கிறவனுக்கு மன்னிப்பில்லை என்ற எச்சரிக்கையை இயேசு சொன்னதற்குக் காரணம் இதுதான் என்று 30-ஆம் வசனமே விளக்குகிறது. விரும்பாமலேயே மனதில் பாய்ந்து வந்து, வந்ததற்காக ஆளை நடுங்க வைக்கும் ஒரு சொல் அந்த வகையில் சேராது. பேதுரு சபிக்கவும் சத்தியம்பண்ணவும் தொடங்கி, வாயாலேயே மூன்று முறை மறுதலித்தவர். அவருக்கு மன்னிப்பு இருந்தது. இன்னொரு தகவலும் உதவும்: 1978-இல் ராக்மேன், டி சில்வா என்ற உளவியலாளர்கள் நோயில்லாதவர்களிடம் விசாரித்தபோது, பெரும்பாலோருக்கு இத்தகைய வேண்டாத எண்ணங்கள் வந்துபோவது தெரிந்தது. உள்ளடக்கத்தில் நோயாளிகளின் எண்ணங்களுக்கும் அவற்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மற்றவர்கள் "ச்சே" என்று உதறிவிட்டுப் போகிறார்கள். நோயுள்ளவர் நின்று அதோடு மல்லுக்கட்டுகிறார், மல்லுக்கட்ட மல்லுக்கட்ட அது வளர்கிறது.

இரண்டாவது, திருவிருந்து. அபாத்திரமாய், அதாவது தகாத விதமாய், பானம்பண்ணுகிறவன் தனக்கு ஆக்கினைத்தீர்ப்பு வரப் பண்ணுகிறான் என்ற வரியால் வருடக்கணக்கில் விலகி உட்கார்ந்திருப்பவர்களைச் சந்தித்திருக்கிறேன். 1 கொரிந்தியர் 11-இல் பவுல் கண்டிப்பது எதை என்று மேலே போய்ப் பார்த்தால் தெரியும்: ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் குடித்து வெறித்திருந்தான், இல்லாதவர்கள் வெட்கப்படுத்தப்பட்டார்கள். அதற்கான மருந்தும் 28-ஆம் வசனத்தில் இருக்கிறது. தன்னைத்தானே சோதித்தறிந்து, அப்புறம் புசிக்க வேண்டும் என்கிறார். சோதித்தறிந்து விலகிப்போகச் சொல்லவில்லை.

கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசும்போது இன்னொரு வகை நோயாளிகளை விட்டுவிட முடியாது. இவர்களுக்கு நோய் உள்ளிருந்து வரவில்லை, வெளியிலிருந்து ஏற்றப்பட்டிருக்கிறது. தேவனுக்குக் காட்ட வேண்டிய கீழ்ப்படிதலை யாரோ ஒரு மனிதர் தன் பெயருக்கு மாற்றி எழுதிக்கொண்டிருப்பார். யாரைக் கல்யாணம் செய்வது, எந்த வேலையை விடுவது, யாரோடு பேசக்கூடாது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வரும், கேள்வி கேட்டால் கலகம் என்று பெயர். உங்களை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற எபிரெயர் 13:17-ஐ மேற்கோள் காட்டுகிறவர்கள் 1 பேதுரு 5:3-ஐயும் சேர்த்து வாசித்தால் நன்றாக இருக்கும். மந்தையை இறுமாப்பாய் ஆளாமல், மாதிரியாக இருக்க வேண்டும் என்று மூப்பர்களுக்கே சொல்லப்பட்டது அது. பவுல் போதித்ததையே பெரோயா ஊரார் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அப்போஸ்தலர் 17-இல் அதற்காக அவர்களுக்குப் பாராட்டுதான் கிடைக்கிறது. அடிக்கும் கணவனிடம் "கீழ்ப்படிந்து பொறுத்துப் போ" என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவதை நான் எந்த வகையிலும் ஏற்கமாட்டேன். எபேசியர் 5-இல் கணவனுக்குச் சொல்லப்பட்டது தன்னை ஒப்புக்கொடுத்து அன்புகூர வேண்டும் என்பது. அந்தப் பெண்ணுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பான இடம்.

மாத்திரையை நிறுத்துவதும் இதே வரிசையில் வருகிறது. விசுவாசத்தை நிரூபிக்க மருந்தை விட வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். வலிப்புக்கான மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு அடங்காமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் வகை நீரிழிவு உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே இரத்தம் அமிலமாகி மயக்கத்துக்குப் போகக்கூடும். எசேக்கியா ராஜாவின் ஜெபம் கேட்கப்பட்டது, ஆயுசில் 15 வருடம் கூட்டப்பட்டது. அப்புறமும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைத்துக் கட்டச் சொன்னார். பவுல் தன் உடலில் குத்தும் முள் என்று சொன்ன வேதனை நீங்க மூன்று முறை வேண்டிக்கொண்டார், அது நீங்கவில்லை. உனக்கு விசுவாசம் போதவில்லை என்று அவருக்குப் பதில் வரவில்லை, என் கிருபை உனக்குப் போதும் என்றுதான் வந்தது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஆயர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. "நான் இரட்சிக்கப்பட்டேனா?" என்ற கேள்விக்கு முதல் முறை முழு மனதோடு பதில் சொல்லுங்கள். அதே கேள்வி அதே நாளில் ஐந்தாம் முறை வரும்போது அதே ஆறுதலைத் திரும்பச் சொன்னால், பத்து நிமிடம் நிம்மதி கிடைக்கும், அரை மணியில் ஆறாவது முறை வரும். அந்த ஆறுதலே நோய்க்குத் தீனியாகிவிடுகிறது. "உனக்குப் பயமாக இருக்கிறது என்று தெரிகிறது. இதற்குப் பதில் சொல்லியாயிற்று. இப்போது பதில் சொல்லாமல் கூட இருக்கிறேன்" என்று அன்பாகச் சொல்லிவிட்டு, சேர்ந்து நடக்கப் போகலாம், சமையலில் இறங்கலாம். இதை நோயாளியின் சம்மதத்தோடு, முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கொடுமை மாதிரித் தெரியும். நான் பெரும்பாலும் ஆயரையும் ஒருநாள் வரச் சொல்கிறேன். அவரும் நானும் ஒரே விதியைச் சொன்னால்தான் வேலை நடக்கும்: ஒரு பாவத்துக்கு ஓர் அறிக்கை, ஒரு சந்தேகத்துக்கு ஒரு பதில்.

சந்தேகம் முழுதாகத் தீர்ந்த பிறகுதான் விசுவாசி என்று சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்களுக்கு மாற்கு 9-இல் வரும் தகப்பன் பெரிய துணை. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னவர். அவர் பிள்ளை அன்றே குணமானான்.

உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் மேலே சொன்ன எதற்கும் காத்திருக்காதீர்கள். நரகத்துக்குத்தான் போகப்போகிறேன், இருந்து என்ன பயன் என்று அது வேத வார்த்தைகளில் வந்தாலும் சரி. ஆளைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஜெபத்தை வழியிலேயே செய்துகொள்ளலாம்.